‘தீங்கற்ற கட்டி’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

குழந்தைகளின் இடுப்புப் பகுதி எலும்பில் தோன்றும் புற்றல்லாத கட்டிகளைத் தமிழில் ‘தீங்கற்ற கட்டி’ என்று குறிப்பிடும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. பாடநூல், நாளிதழ், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றிலும் இதே தொடர்தான். பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவுக்கு இத்தொடர் உதவுவதில்லை, பல வேளைகளில் குறுக்கே நிற்கிறது என்பதே இப்பதிவின் வாதம். பதிவு நீளமானது. மருத்துவ மாணவர்களும் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோரும் மொழியியல் துறையினரும் பொறுமையுடன் படித்து, மறுப்பிருப்பின் எழுதுமாறு வேண்டுகிறேன். எனக்கு மருத்துவப் பட்டம் இல்லை. எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்வது என் நோக்கமும் அன்று. அந்த முடிவு எந்தச் சொற்களின் வழியாக எடுக்கப்படுகிறது என்பது மட்டுமே என் அக்கறை.

இதைத் திருவனந்தபுரத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் குடியிருக்கும் ஸ்ரீவராகம் கோட்டைப் பகுதியை ஒட்டியது. இங்கும் சாலை, கரமனை முதலிய இடங்களிலும் தமிழ் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை இவ்வூரைத் தலைமையாகக் கொண்ட ஆட்சியின் கீழ்தான் இருந்தது. எல்லை மாறிய பின்னும் நாகர்கோவில், தக்கலை, தென்காசிப் பக்கத்து மக்கள் பெரிய நோய் என்றால் ரயிலேறி இங்கே வருவது நிற்கவில்லை. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமும் அவர்கள் வாயில் ஊர்ப்பெயர்களைப்போல் வழங்குகின்றன. மருத்துவர் மலையாளத்தில் பேசுகிறார், ஆங்கிலத்தில் எழுதுகிறார். கேட்பவர் தமிழில் புரிந்துகொள்கிறார். ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்’ என்று சம்மதப் பத்திரத்தை நீட்டியவர்களுக்கு நான் பலமுறை படித்துச் சொல்லியிருக்கிறேன். அப்போது குறித்துவைத்த சொற்களிலிருந்தே இந்தக் கட்டுரை பிறந்தது.

முதல் சொல் ‘இடுப்பு’. தமிழ்ப் பேச்சுவழக்கில் இடுப்பு என்பது குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடம், சேலையைச் செருகும் இடம், பிள்ளைப்பேற்றில் வலி எடுக்கும் இடம். ‘இடுப்பு வலி’ என்றால் பெரும்பாலும் கீழ்முதுகு வலியே பொருள். மலையாளத்திலும் ‘இடுப்பு’ உண்டு. ஆனால் மருத்துவப் பேச்சில் அது தொடையெலும்பு இடுப்புக்கூட்டோடு பொருந்தும் மூட்டையே குறிக்கும். கீழ்முதுகுக்கு அங்கே ‘நடு’ என்று பெயர். ஒலியில் ஒன்றாக இருக்கும் சொல் இரண்டு மொழிகளில் உடலின் இரண்டு இடங்களைச் சுட்டுகிறது. போதாக்குறைக்கு, இம்மூட்டில் நோயுள்ள குழந்தை பல வேளைகளில் இடுப்பைத் தொட்டுக் காட்டுவதே இல்லை. ‘முட்டு வலிக்கிறது’ என்று முழங்காலைக் காட்டும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் வலி அங்கே உணரப்படுகிறது. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பி, ‘வளர்ச்சி வலி’ என்று ஆறுதல் பெற்று, ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவி மாதங்கள் கழிந்த பிறகே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கப்படும் குழந்தைகள் உண்டு. வர்ம வைத்தியத்தின் மீது எனக்கு மதிப்புண்டு. ஆயினும் உள்ளே பொள்ளலாகிவிட்ட எலும்பை அழுத்தித் திருப்புவது எந்த முறையிலும் ஆபத்தானதே.

அடுத்தது ‘கட்டி’. சீழ்க்கட்டியும் கட்டி, வேனற்கட்டியும் கட்டி, புற்றும் கட்டி. மலையாளத்தில் ‘முழ’ என்பார்கள். புற்றுநோய்க்கு அம்மொழியில் ‘அர்புதம்’ என்றொரு சொல் உண்டு. வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல் தமிழ்க் காதில் ‘அற்புதம்’ என்று விழுகிறது. ‘அர்புதம் அல்ல’ என்று மருத்துவர் சொன்ன நற்செய்தியை, ‘அற்புதம் ஒன்றும் நடக்காது’ என்று ஒரு பாட்டி எடுத்துக்கொண்டால் அவர்மேல் பிழையில்லை. இன்னொன்று, ‘எலும்பு கரைந்திருக்கிறது’ என்ற தொடர். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தி குறைந்து தெரிவதைச் சொல்ல மருத்துவர் இதைக் கையாள்கிறார். காசநோய்க்கு ‘எலும்புருக்கி’ என்று பெயர் வைத்த மொழியில் வளர்ந்தவர் அதைக் கேட்டதும் என்ன நினைப்பார்?

இவையெல்லாம் சிறு தடுமாற்றங்கள், விளக்கினால் தீர்ந்துவிடும். ‘தீங்கற்ற’ என்ற சொல்லின் சிக்கல் அப்படிப்பட்டதன்று. அது சரியாகப் புரிந்துகொள்ளப்படும்போதுதான் தவறாக வழிகாட்டுகிறது.

நோயின் தன்மையைச் சுருக்கமாகப் பார்ப்போம். குழந்தைகளின் இடுப்பு மூட்டுப் பகுதியில், பெரும்பாலும் தொடையெலும்பின் மேல்முனையில், பல வகைப் புற்றல்லாத கட்டிகள் தோன்றுகின்றன. ‘சிம்பிள் போன் சிஸ்ட்’ என்பது எலும்புக்குள் தெளிந்த நீர் நிறைந்த பை. தோளருகே மேற்கை எலும்பில் இது மிகுதியாகக் காணப்படுகிறது, அடுத்த இடம் தொடையெலும்பின் மேல்முனைக்குத்தான். ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இருமடங்கு. ‘அனூரிஸ்மல் போன் சிஸ்ட்’ என்பது இரத்தம் நிறைந்த அறைகளால் ஆனது. 1942இல் ஜாஃபே, லிக்டென்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினர். 2004இல் இதன் பின்னணியில் ஒரு மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட பிறகு, இது வெறும் பை அன்று, தானே வளரும் ஒரு கட்டி என்ற எண்ணம் வலுப்பெற்றது. ‘ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா’வில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்கிறது. எடை தாங்கித் தாங்கித் தொடையெலும்பின் மேற்பகுதி இடையனின் கோல்போல் வளைவதும் உண்டு. ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ மிகச் சிறியது, பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். ஆனால் இரவில் குழந்தையைத் தூங்கவிடாது. ஆஸ்பிரின் வகை மருந்து கொடுத்தால் வலி வியக்கத்தக்க வகையில் அடங்கும்.

இவை அனைத்தையும் ‘தீங்கற்ற’ என்ற ஒரே பெயரடைக்குள் அடக்குகிறோம். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘அன்புடைய, கனிவான’ என்று பொருள். ஆகவே இது தமிழ் மட்டும் செய்த பிழையன்று. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கையாளும் மருத்துவருக்கு அதன் எல்லை தெரியும். உடலின் வேறிடங்களுக்குப் பரவாது என்பது மட்டுமே அதன் பொருள். தமிழ்ப் பெற்றோருக்கு ‘தீங்கு’ என்பது அன்றாடச் சொல். தீங்கற்றது என்றால் கெடுதல் செய்யாதது. கெடுதல் செய்யாததை எதற்கு அறுக்க வேண்டும்? அவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி அறியாமையால் எழுவதன்று. நாம் கொடுத்த சொல்லிலிருந்து அவர்கள் முறையாகப் பெற்ற முடிவு அது.

என் முன்மொழிவு எளியது. பெயரடையை விட்டு வினைக்குப் போவோம். பெயரடை, பொருளின் மாறாத பண்பைச் சொல்வதுபோல் ஒலிக்கும். வினையோ காலத்தையும் நிபந்தனையையும் கேட்கும். ‘இது எத்தகைய கட்டி?’ என்ற கேள்விக்குப் பதிலாக நான்கு கேள்விகள் தேவை: பரவுமா? தாங்குமா? திரும்புமா? வளர்ச்சியைக் கெடுக்குமா?

பரவுமா என்பதற்கு விடை, பரவாது. ஆனால் அந்த விடைக்கு வந்து சேரும் வழியையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே மட்டும் பார்த்து உறுதி சொல்லக்கூடிய கட்டிகள் சில உண்டு, எல்லாம் அப்படியல்ல. அனூரிஸ்மல் போன் சிஸ்டைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு கொடிய எலும்புப் புற்றும் இருக்கிறது. நம் நாட்டில் எலும்புக் காசநோயும் இப்படியொரு பொள்ளலாகத் தெரியலாம். ஆகவேதான் பல குழந்தைகளுக்குச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ‘கத்தி பட்டால் கட்டி பரவும்’ என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியது. புற்றில்லை என்று உறுதி செய்வதற்குத்தான் இந்தச் சோதனை என்பதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லாதவரை அந்த அச்சம் போகாது.

தாங்குமா என்பதே இடுப்பில் தலையாய கேள்வி. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின் மீது விழும் விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த விசை தொடையெலும்பின் சாய்ந்த கழுத்து வழியாக இறங்குகிறது. தோளருகே உள்ள நீர்ப்பை உடைந்தால் கையைத் தொட்டிலிட்டுக் கட்டி, ஆறக் காத்திருக்கலாம். கழுத்தெலும்பு உடைந்தால் அப்படிக் காத்திருக்க இயலாது. வளரும் குழந்தையின் தொடையெலும்புத் தலைக்கு இரத்தம் செல்லும் வழி மிக மெல்லியது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய துருயெத்தா 1957இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. வளர்ச்சித் தட்டு ஒரு தடுப்புச் சுவர்போல் நிற்பதால் எலும்பின் உள்ளிருந்து தலைக்கு இரத்தம் போவதில்லை. கழுத்தின் புறத்தே ஒட்டிச் செல்லும் நுண்ணிய நாளங்களையே அது நம்பியிருக்கிறது. முறிவில் அந்த நாளங்கள் அறுந்தால் தலை உயிரிழந்து நசுங்கலாம். முறிவு கோணலாகக் கூடினால் கால் குட்டையாகி நடை விந்தும். பத்து வயதில் நேர்ந்தது அறுபது வயது வரை உடன்வரும். இத்தனைக்கும் கட்டி ‘தீங்கற்றது’தான்!

திரும்புமா என்பதற்குப் பல வேளைகளில் நேர்மையான விடை, திரும்பலாம். நீர்ப்பையும் இரத்தப்பையும் சுரண்டி எடுத்த பின்னும் மீண்டும் தோன்றுவதுண்டு. குழந்தையின் வயது குறைவாகவும் கட்டி வளர்ச்சித் தட்டுக்கு அருகிலும் இருந்தால் வாய்ப்பு கூடும். ‘திரும்ப வந்துவிட்டது’ என்ற தொடரைத் தமிழ்க் குடும்பங்கள் புற்றுநோயோடு சேர்த்தே கேட்டுப் பழகியவை. முதல் நாளே இதைச் சொல்லி, திரும்பினாலும் அது புற்றாகிவிட்டது என்று பொருளில்லை எனத் தெளிவுபடுத்தாவிட்டால், இரண்டாம் முறை கட்டி தெரியும்போது பெற்றோர் மருத்துவரைப் பொய்யராகக் கருதுவர். பிறகு அந்தக் குழந்தை தொடர்பரிசோதனைக்கு வராது.

வளர்ச்சியைக் கெடுக்குமா என்பது குழந்தைக்கு மட்டும் உரிய கேள்வி. தொடையெலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதன் மேல்முனைத் தட்டிலிருந்து வருகிறது. நோயும் அதைச் சேதப்படுத்தலாம், அவசரமான அறுவையும் சேதப்படுத்தலாம். அதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் கழுத்தை நேரடியாகத் திறக்காமல், தொடையின் வெளிப்புறமாக, தட்டுக்குக் கீழேயே சன்னல் திறந்து உள்ளே செல்ல முயல்கின்றனர். திருகாணி தட்டைத் துளைக்குமா, துளைக்காமல் பிடிப்புக் கிடைக்குமா என்பதை எஞ்சியிருக்கும் எலும்பின் அளவைக் கொண்டு முடிவு செய்கின்றனர். கழுத்தில் போதிய எலும்பு இல்லாதபோது திருகாணி போடாமல், இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டுக் காத்திருப்பதும் ஒரு வழி.

இந்த நான்கு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு சிகிச்சைகளைப் பார்த்தால், ‘ஆபரேஷன்’ என்று ஒற்றைச் சொல்லில் நாம் மறைப்பது எவ்வளவு என்பது புரியும். சிறிய, எடை தாங்கும் பகுதியில் இல்லாத நீர்ப்பையை எக்ஸ்ரே எடுத்துக் கவனித்துவந்தாலே போதுமானதாக இருக்கலாம். எலும்பு முதிரும்போது பல அடங்கிவிடுகின்றன. ஊசி வழியாக ஸ்டீராய்டு செலுத்தும் முறையை இத்தாலியின் ஸ்காலியெட்டி 1979இல் விரிவாக எழுதினார். வட அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டாய்வு ஒன்று 2008இல் வெளியானது. நீர்ப்பையில் ஸ்டீராய்டு செலுத்திய குழந்தைகளில் 42 விழுக்காட்டினருக்கும், எலும்பு மச்சை செலுத்தியவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் மட்டுமே பை ஆறியது என்று அது கண்டது. ஊசி எளிது, ஆனால் பாதிப் பேருக்குக்கூட உறுதியில்லை என்பதைப் பெற்றோர் அறிய வேண்டாமா? ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவுக்கு 1992 முதல், சி.டி. பார்த்து ஊசிமுனையால் சுட்டு அழிக்கும் முறை வந்துவிட்டது. கத்தியின் தேவை பெரிதும் குறைந்திருக்கிறது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் சாதாரண எலும்புத் துகள்களை இட்டு நிரப்பினால் நோய்த்திசு அவற்றைத் தின்றுவிடுகிறது. அதனால் கணைக்காலின் மெல்லிய எலும்பிலிருந்து கெட்டியான துண்டை எடுத்துக் கழுத்தில் தூணாக நிறுத்தும் முறையை என்னெகிங் 1986இல் பரிந்துரைத்தார். கம்பியோ தகடோ வைத்து நேராக்குவதும் அங்கே முதன்மையானது.

இந்தியாவிலிருந்தே ஒரு சான்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அனூரிஸ்மல் போன் சிஸ்ட் நோயாளிகள் 72 பேருக்குப் ‘பாலிடோகனால்’ என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்திய பட்டறிவை 2006இல் வெளியிட்டனர். சுருள்நரம்பு நோய்க்குப் பயன்படும் மருந்து அது. சராசரியாக மூன்று முறை செலுத்தியதில் பெரும்பாலோரின் எலும்பு ஆறியது. அறுக்காமல் ஆற்றலாம் என்ற வழியை இந்தியப் பொது மருத்துவமனை ஒன்று உலகுக்குக் காட்டியிருக்கிறது. ஆயினும் கழுத்தெலும்பு உடையும் நிலையில் இருக்கும் குழந்தைக்கு, ஊசிகளுக்கிடையே காத்திருக்க நேரமிருக்கிறதா என்ற கேள்வி தனியே நிற்கிறது. அங்கே ‘தாங்குமா’ என்பது ‘ஆறுமா’ என்பதை முந்திக்கொள்கிறது. இந்த முன்பின் வரிசையைத்தான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ‘தீங்கற்ற கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும்’ என்ற வாக்கியத்தில் அது எங்கே இருக்கிறது?

இது வெறும் மொழி நயம் பற்றிய பேச்சன்று, சட்டமும் இதையே கேட்கிறது. 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சம்மதம் என்பது கையொப்பம் மட்டுமன்று என்றது. செய்யப்போவது என்ன, எதற்காக, மாற்று வழிகள் எவை, கணிசமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன நேரும் என்பவற்றைச் சொன்ன பின் பெறுவதே சம்மதம். நோயறியும் சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. சதை எடுத்துச் சோதிப்பதும் சுரண்டித் தகடு வைப்பதும் ஒரே நாளில் நடக்கக்கூடிய நம் நோய்க்கு இது நேரடியாகப் பொருந்தும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயமும், நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்கு விளங்கும் அளவில் தகவல் தர வேண்டும் என்கிறது. எல்லை தாண்டி வரும் நோயாளிக்கு இது எவ்வாறு நிறைவேறுகிறது? பெரும்பாலும் காவலாளியோ, பக்கத்துக் கட்டிலின் கூட்டிருப்புக்காரரோ, என்னைப்போல் அக்கம்பக்கத்தில் இருப்பவரோ மொழிபெயர்க்கிறோம். நாங்கள் மொழிபெயர்ப்பது சொல்லை. மருத்துவர் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை எங்களால் மொழிபெயர்க்க முடியாது.

தமிழில் மருத்துவம் பேச முடியாது என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவம் பற்றி 1867இல் அவர் வெளியிட்ட ‘இரண வைத்தியம்’ அன்றைய ஆங்கிலப் பாடநூலொன்றின் தமிழாக்கம். அவர் ஆக்கிய சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் அவர் முழு நூலைத் தமிழில் தந்தார், சொற்பட்டியலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நோய் எப்படித் தோன்றும், கத்தியை எங்கே வைக்க வேண்டும், பிறகு என்ன ஆகும் என்று தொடர்ந்து பேசும் உரைநடை அதற்குத் தேவைப்பட்டது. பின்வந்த நம் கலைச்சொல் இயக்கம் பெயர்ச்சொற்களைக் குவித்தது. அவற்றை வைத்துப் பேசும் வாக்கியங்களை எழுதும் வேலை பின்தங்கிவிட்டது. ‘தீங்கற்ற’ என்பதற்கு மாற்றாக ‘பரவாக் கட்டி’ என்று ஒரு சொல்லை நானும் முன்வைக்கலாம். அது சற்று மேலானதே, பரவாமையை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. ஆனால் அதனாலும் முழுப்பயன் விளையாது. ஒரு சொல்லின் தலையில் நான்கு கேள்விகளுக்கான விடையை ஏற்ற முடியாது.

ஆகவே எனக்கு வேண்டியது சொல்லன்று, பேச்சு. ஏறத்தாழ இப்படி:

“அம்மா, பிள்ளைக்குத் தொடை எலும்பு மேலே இடுப்போடு சேருற இடத்துல, எலும்புக்குள்ள தண்ணி கோத்த மாதிரி ஒரு பை இருக்கு. இது கேன்சர் இல்ல, வேற இடத்துக்குப் பரவாது. ஆனா அந்த இடத்துல எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிஞ்சு போச்சு. ஓடி விழுந்தா உடையலாம். அங்க உடைஞ்சா கால் குட்டையாகிரும், மூட்டும் கெட்டுப்போகலாம். அதனாலதான் உள்ள இருக்கறத எடுத்துட்டு, எலும்பு வச்சு நிரப்பி, தகடு போடணும்ங்கறோம். போட்டாலும் சில பிள்ளைங்களுக்கு இது திரும்ப வரும். வந்தாலும் கேன்சர் ஆயிராது. ஆனா ரெண்டு மூணு வருசம் விடாம வந்து காட்டணும். இப்ப நான் சொன்னத நீங்க எனக்கு ஒருதடவ திருப்பிச் சொல்லுங்க, சரியாச் சொன்னேனான்னு பாத்துக்கறேன்.”

இதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் போதும். கலைச்சொல் ஏதுமில்லை. ‘கேன்சர்’ ஆங்கிலம்தான், இருக்கட்டும். அச்சொல் எல்லார்க்கும் தெரியும். தனித்தமிழ்ப் பற்று இவ்விடத்தில் குழந்தையின் காலை விடப் பெரிதன்று. இறுதி வாக்கியம் மிக முதன்மையானது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் வெள்ளைக் கோட்டின் முன் நிற்கும் எந்தத் தாயும் ‘புரிந்தது, சார்’ என்றே சொல்வார். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எது போய்ச் சேர்ந்தது என்பது தெரியும்.

மறுப்புகள் வரும். ‘இவ்வளவும் சொன்னால் பெற்றோர் மிரண்டு ஓடிவிடுவார்கள்’ என்பது முதல் மறுப்பு. என் பட்டறிவில் மிரள்வோர், அரைகுறையாகக் கேட்டவர்களே. கட்டி தீங்கற்றது என்று கேட்டு, பிறகு தகடும் திருகாணியும் என்று கேட்டவர், தம்மிடம் ஏதோ மறைக்கப்படுகிறது என்று எண்ணுகிறார். ‘புறநோயாளர் பிரிவில் நேரமில்லை’ என்பது இரண்டாம் மறுப்பு. இது உண்மை, எளிதில் தள்ளத்தக்கதன்று. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒன்றரை நிமிடமும் பெரிதுதான். ஆனால் இவ்வறுவைகளில் பெரும்பாலானவை அன்றே செய்யப்படுவன அல்ல. சேர்க்கைக்கும் அறுவைக்கும் இடையே நாட்கள் இருக்கின்றன. அச்சிட்ட ஒரு தாளும், அதைப் படித்துக்காட்ட ஒரு பயிற்சி மாணவரும் போதும். ‘முடிவெடுப்பது மருத்துவர் வேலை, பெற்றோர்க்கு ஏன் இவ்வளவு?’ என்பது மூன்றாம் மறுப்பு. மாவுக்கட்டில் ஆறு வாரம் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவதும், ஓட்டப்பந்தயம் வேண்டாம் என்று பள்ளியில் சொல்வதும், ஆண்டுக்கணக்கில் ரயிலேறி வந்து எக்ஸ்ரே எடுப்பதும் பெற்றோர்தாம். அறுவையின் பாதி அவர்கள் கையில் நடக்கிறது.

இதில் ஒரு குரலை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம், அது குழந்தையின் குரல். சட்டப்படி கையொப்பம் பெற்றோருடையது. ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்குத் தன் காலில் என்ன நடக்கப்போகிறது என்பதைக் கேட்க உரிமை இல்லையா? மருத்துவர் தாயிடம் பேசுகிறார், தாய் உறவினரிடம் பேசுகிறார், குழந்தையைப் பற்றி எல்லாரும் படர்க்கையில் பேசுகிறார்கள். ‘உன் எலும்புக்குள்ள ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, அத நிரப்பப் போறோம், கொஞ்ச நாள் நீ குதிக்கக் கூடாது’ என்று முன்னிலையில் ஒரு வாக்கியம் போதும். குதிக்காமல் இருக்க வேண்டியவர் அவர்தானே.

செய்யக்கூடியவை சில. முதலாவதாக, கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் மொழியியல் துறையும் இருக்கின்றன, அதே நகரில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இம்மூன்று இடத்து மாணவர்களும் சேர்ந்தால் குழந்தை எலும்பு மருத்துவத்துக்கு மட்டுமாவது, தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு பக்க விளக்கத்தாள்களை ஆக்க முடியும். நோய்க்கு ஒரு தாள், மேற்சொன்ன நான்கு கேள்விகளே அதன் தலைப்புகள். இரண்டாவதாக, சம்மதப் பத்திரத்தில் சோதனைக்கும் சிகிச்சைக்கும் தனித்தனிக் கையொப்பம் வேண்டும். மூன்றாவதாக, உடற்கூற்றுப் பெயர்களுக்குப் பக்கத்தில் படம் கட்டாயம் வேண்டும். ‘இடுப்பு’ என்ற சொல் செய்யும் குழப்பத்தை ஒரு கோட்டோவியம் தீர்த்துவிடும். நான்காவதாக, தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் இதே பணி நடக்க வேண்டும். அங்கே மருத்துவரும் நோயாளியும் ஒரே மொழியினர் என்பதால் சிக்கல் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ‘தீங்கற்ற கட்டி’ என்ற தொடர் பிறந்ததே தமிழில்தான்.

ஆய்வேடுகளில் நாம் பொருண்மையியல் பற்றி நிறைய எழுதுகிறோம். ஒரு பெயரடையின் பொருளெல்லை எது என்ற கேள்வி, கருத்தரங்கில் கேட்கும்போது பயிற்சிக் கேள்வியாகவே தோன்றும். எலும்பு மருத்துவப் பிரிவின் வாயிலில், கையில் எக்ஸ்ரே உறையோடு நிற்பவருக்கு அதுவே தம் பிள்ளை நேராக நடக்குமா என்ற கேள்வி. விளக்கத்தாள் ஆக்கும் பணியில் சேர விரும்புவோர், குறிப்பாக மருத்துவ மாணவர்கள், கீழே குறிப்பிடுங்கள். ஓர் எலும்பு, ஒரு நோய், இரண்டு பக்கம் என்று தொடங்குவோம். முதல் வரைவை நான் தருகிறேன், திருத்துவதற்கு நீங்கள் வாருங்கள்.